முன்னோட்டத் தேர்வுப் புள்ளியும் பொதுத்தேர்வு முடிவும்: தமிழ்மொழிப் பாடத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசிய இடைநிலைப்பள்ளிகளில் ஐந்தாம் படிவ மாணவர்கள் எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னர்ப் பள்ளியளவில் முன்னோட்டத் தேர்வு ஒன்றை எழுதுவது நெடுங்கால வழக்கமாகும். அத்தேர்வில் பெற்ற புள்ளியும் பொதுத்தேர்வில் பெற்ற தரநிலையும் ஒத்துவராமை ஆண்டுதோறும் காணப்படும் ஒன்றே. முன்னோட்டத் தேர்வில் தமிழ்மொழியில் 80 புள்ளிக்கு மேல் பெற்றவர் பொதுத்தேர்வில் எதிர்பார்த்த தரநிலையை எட்டாமல் போவதும், தேறுவாரோ என்று ஐயுறப்பட்டவர் நன்முறையில் தேறுவதும் ஆசிரியர் அனைவரும் அறிந்தவை. இவ்வேறுபாடு தோன்றும்பொழுது, மாணவர் கவனக்குறைவாக எழுதினார் என்றோ, பொதுத்தேர்வுத் தாளைத் திருத்தியவர் கடுமையாக நடந்துகொண்டார் என்றோ, ஆசிரியர் புள்ளிகளை வாரி வழங்கினார் என்றோ காரணம் கூறப்படுகிறது. இவற்றுள் ஒவ்வொன்றும் சிற்சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். ஆயினும், இக்காரணங்களுள் எதுவும் இல்லாத இடத்தும் வேறுபாடு தோன்றும் என்பதே தேர்வியல் நமக்குக் கற்பிக்கும் முதற்பாடமாகும்.

இச்சிக்கல் வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி கட்டாயப் பாடமன்று. மாணவர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் பாடமாகும். 2010ஆம் ஆண்டு முதல் 10 பாடங்கள் மட்டுமே எழுதலாம் என்று 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபொழுது, தமிழ்மொழியும் தமிழிலக்கியமும் கைவிடப்படுமோ என்னும் அச்சம் நம் சமூகத்தில் எழுந்ததும், கோரிக்கைகளுக்குப் பின்னர்க் கூடுதலாக 2 பாடங்களுக்கு இடமளிக்கப்பட்டதும் நாம் அறிந்தவையே. இடம் கிடைத்துவிட்ட பின்னரும், 'தமிழ் எழுதினால் மொத்தத் தேர்ச்சி குறைந்துவிடும்' என்னும் எண்ணம் மாணவரிடத்தும் பெற்றோரிடத்தும் நிலவுகிறது. அவ்வெண்ணத்திற்குச் சான்றாகக் காட்டப்படுவது பெரும்பாலும் பள்ளித் தேர்வு ஒன்றில் பெற்ற ஒற்றைப் புள்ளியே. ஒரு புள்ளியைக் கொண்டு ஒரு மொழியைத் தொடர்வதா விடுவதா என்று முடிவுசெய்யப்படுமாயின், அப்புள்ளி எவ்வளவு நம்பத்தக்கது என்பதை ஆராய்வது தமிழாசிரியரின் கடமையாகிறது. அவ்வாய்வையே இக்கட்டுரையில் நாம் மேற்கொள்கிறோம்.

புள்ளி என்பது யாது?

ஒரு மாணவர் ஒரு நாளில், ஒரு வினாத்தாளுக்கு எழுதிய விடையை ஒருவர் திருத்தி வழங்கிய எண்ணே புள்ளியாகும். நாள், வினாத்தாள், திருத்துநர் ஆகிய மூன்றனுள் எது மாறினும் அவ்வெண் மாறக்கூடும். மாணவரின் மொழித்திறன் மாறாமலேயே இம்மாற்றம் நிகழலாம். இதனால்தான் தேர்வியலார், கிடைத்த புள்ளியை இரண்டன் கூட்டாகக் காண்பர். ஒன்று மாணவரின் மெய்ப்புள்ளி; மற்றொன்று அளவீட்டுப் பிழை. ஈண்டுப் பிழை என்பது தவறு என்னும் பொருளில் வழங்கவில்லை. அளக்கும் செயலோடு ஒட்டியே வரும் ஏற்ற இறக்கம் என்னும் பொருளில் வழங்குகிறது. இக்கருத்தைச் சார்ல்ஸ் ஸ்பியர்மன் 1904ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் வளர்த்தெடுத்தன. அதற்கு முன்னரே, 1888ஆம் ஆண்டில், எட்ஜ்வொர்த் என்னும் அறிஞர் தேர்வுகளைப் பற்றிய புள்ளியியல் கட்டுரையொன்றில் நிகழ்தகவுக் கோட்பாட்டைத் திருத்துநரின் வேறுபாடுகளுக்குப் பொருத்திக் காட்டினார். எல்லைக்கோட்டை ஒட்டி நிற்கும் மாணவரின் வெற்றி தோல்வியில் தற்செயலுக்கும் பங்குண்டு என்பது அவர் காட்டிய உண்மையாகும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 40 மாணவர் கொண்ட ஒரு வகுப்பின் தமிழ்மொழித் தேர்வுச் சராசரி 60 புள்ளி என்றும், புள்ளிகளின் திட்ட விலக்கம் 12 என்றும், தேர்வின் நம்பகக் கெழு 0.84 என்றும் கொள்வோம். கட்டுரை வினாக்கள் இடம்பெறும் தேர்வுக்கு 0.84 என்பது குறைவான கெழுவன்று. அளவீட்டின் திட்டப் பிழையைக் கணக்கிட, 1இலிருந்து 0.84ஐக் கழித்து, எஞ்சும் 0.16இன் வர்க்கமூலமாகிய 0.4ஐத் திட்ட விலக்கத்தோடு பெருக்க வேண்டும். விடை 4.8 புள்ளியாகும். அதாவது, 70 புள்ளி பெற்ற மாணவரின் திறனை 65க்கும் 75க்கும் இடைப்பட்டதாகக் கொள்வதே ஓரளவு பாதுகாப்பானது. அவ்வாறு கொண்டாலும் மூவருள் ஒருவர் திறத்தில் நம் கணிப்புத் தவறும்.

இரண்டு தேர்வுகளை ஒப்பிடும்பொழுது இப்பிழை பெருகுகிறது. முன்னோட்டத் தேர்விலும் பிழையுண்டு; பொதுத்தேர்விலும் பிழையுண்டு. இரண்டும் ஒரே அளவு நம்பகமானவை என்று கொண்டால், இரு புள்ளிகளின் வேறுபாட்டுக்குரிய திட்டப் பிழை ஏறத்தாழ 6.8 புள்ளியாகும். அந்த 40 மாணவருள் ஏறத்தாழ 13 பேருக்கு, எவ்விதக் காரணமும் இல்லாமலேயே, இரு தேர்வுகளுக்குமிடையே 7 புள்ளி அளவிலோ அதற்கு மேலோ ஏற்றமோ இறக்கமோ தோன்றும். அவர்கள் படிப்பில் முன்னேறவுமில்லை, பின்தங்கவுமில்லை. ஆயினும், ஏறியவர் பாராட்டையும் இறங்கியவர் கண்டிப்பையும் பெறுவர்.

உச்சப் புள்ளி நிலைபெறாமை

முன்னோட்டத் தேர்வில் வகுப்பில் முதல்நிலை பெற்றவர் பொதுத்தேர்வில் சற்றே இறங்குவதும், கடைநிலையில் இருந்தவர் சற்றே ஏறுவதும் பலராலும் கவனிக்கப்பட்ட செய்தியாகும். முன்னவருக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்றும், பின்னவருக்கு அச்சம் பிறந்து உழைப்புக் கூடியது என்றும் இதற்கு விளக்கம் கூறுவர். இவ்விளக்கம் பொருந்தும் இடங்களும் உண்டு. எனினும், இத்தகைய நகர்வின் ஒரு பகுதிக்குக் கணித இயல்பே போதிய காரணமாகும்.

பிரான்சிஸ் கால்டன் 1886ஆம் ஆண்டில் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு, மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியை நோக்கிச் சற்றே நெருங்கி நிற்பதைக் காட்டினார். சராசரியை நோக்கிய பின்னடைவு எனப்படும் இவ்வியல்பு தேர்வுப் புள்ளிக்கும் பொருந்தும். மேற்கண்ட வகுப்பில் 84 புள்ளி பெற்ற ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் திறமிக்கவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வகுப்பினர் அனைவரிலும் உச்சத்தைத் தொட்டவருக்குத் திறமையோடு நல்வாய்ப்பும் துணைநின்றிருக்க வாய்ப்பு மிகுதி. தெரிந்த மரபுத்தொடரே வினாவாக வந்திருக்கலாம். முன்பே எழுதிப் பார்த்த தலைப்பே கட்டுரைக்கு வந்திருக்கலாம். அத்தகைய நல்வாய்ப்பு அடுத்த தேர்விலும் அவ்வாறே அமையும் என்று எதிர்பார்த்தல் இயலாது. நம்பகக் கெழு 0.84 என்னும் நிலையில், 84 பெற்றவருக்கு அடுத்த தேர்வில் நாம் எதிர்பார்க்கத்தக்க புள்ளி ஏறத்தாழ 80 ஆகும். 36 பெற்றவருக்கு ஏறத்தாழ 40 ஆகும். 80ஐ எல்லையாகக் கொண்டு 'இவருக்கு உயர்தரம் உறுதி' என்று கூறுவோமாயின், அவ்வுறுதி உண்மையில் சரிபாதி வாய்ப்பே என்பதை உணர வேண்டும்.

வினாத்தாள்களின் வேறுபாடு

தமிழ்மொழிப் பாடத்திட்டம் பரந்தது. கருத்துணர்தல், கட்டுரை, இலக்கணம், செய்யுளும் மொழியணியும் எனப் பல கூறுகள் அதில் அடங்கும். எந்த வினாத்தாளும் இப்பரப்பு முழுவதையும் சோதிக்க இயலாது. அதிலிருந்து ஒரு சிறு பகுதியையே எடுத்துக்கொள்ளும். ஆகவே, வினாத்தாள் என்பது பாடத்திட்டத்தின் மாதிரிக்கூறே அன்றிப் பாடத்திட்டம் அன்று. புணர்ச்சி விதிகளில் வல்லவரும் தொடரியலில் தளர்ந்தவருமாகிய ஒரு மாணவர், எந்தப் பகுதியிலிருந்து வினா மிகுதியாக வந்தது என்பதற்கேற்ப உயரவோ தாழவோ கூடும்.

இதனினும் நுட்பமான வேறுபாடு பழக்கத்தால் விளைவதாகும். முன்னோட்டத் தேர்வுத் தாள்கள் பெரும்பாலும் கடந்த ஆண்டுப் பொதுத்தேர்வுத் தாள்களையும் சந்தையில் கிடைக்கும் பயிற்சி நூல்களையும் தழுவி அமைகின்றன. ஒரு மாநிலத்தின் தாள் மற்றொரு மாநிலத்துப் பள்ளிகளில் பயிற்சித் தாளாக வலம்வருவதும் உண்டு. இவ்வாறு ஏற்கெனவே கண்ட வினாக்களுக்கு விடையளிக்கும்பொழுது, மாணவர் காட்டுவது மொழித்திறனா, நினைவாற்றலா என்று பிரித்தறிவது அரிது. கட்டுரைப் பகுதியில் இது தெளிவாகப் புலப்படும். தன்கதை வகைக் கட்டுரையை மனனம் செய்து, பேனாவுக்குப் பதிலாகக் காலணி என்று மாற்றி எழுதிப் பழகிய மாணவருக்கு, முன்னோட்டத் தேர்வில் அவ்வகைத் தலைப்பு வந்தால் நற்புள்ளி கிட்டும். பொதுத்தேர்வில் கருத்து விளக்கக் கட்டுரையே எழுத வேண்டிய நிலை ஏற்பட்டால், மனனம் கைகொடுக்காது.

இதனை உறுதிப்படுத்தும் ஆய்வொன்றை ஈண்டுக் குறிப்பிடலாம். டேனியல் கோரெட்ஸும் அவர்தம் ஆய்வுத் துணைவரும் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஓர் அமெரிக்கக் கல்வி மாவட்டத்தின் தேர்வுப் புள்ளிகளை ஆராய்ந்தனர். பழகிய தேர்வு நீக்கப்பட்டுப் புதிய தேர்வு வந்ததும் புள்ளிகள் சரிந்தன. ஆசிரியரும் மாணவரும் புதிய தேர்வுக்குப் பழகப் பழகப் புள்ளிகள் மீண்டும் உயர்ந்தன. ஆயினும், பழைய தேர்வையே மறுபடியும் நடத்தியபொழுது, முன்னர் அதில் கிடைத்த அளவுக்குப் புள்ளி கிட்டவில்லை. மாணவரின் அறிவு வளர்ந்திருந்தால் இரு தேர்வுகளிலும் அது வெளிப்பட்டிருக்க வேண்டும். உயர்ந்தது அறிவைவிடத் தேர்வுப் பழக்கமே என்பது இதனால் தெளிவாகிறது. பயிற்சித் தாள்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் பொதுத்தேர்வு முடிவு உயர்ந்துவிடாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

திருத்துநரின் வேறுபாடு

கட்டுரையைத் திருத்துவதில் ஏற்படும் வேறுபாடு தேர்வியலின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்று. 1912ஆம் ஆண்டில் ஸ்டார்ச், எலியட் ஆகிய இருவரும் உயர்நிலைப்பள்ளி மாணவரின் ஆங்கில விடைத்தாளைப் பற்பல பள்ளிகளுக்கு அனுப்பித் திருத்தச் செய்தனர். 142 ஆசிரியர்கள் ஒரே தாளுக்கு வழங்கிய புள்ளிகளில் மிகக் குறைந்ததற்கும் மிக உயர்ந்ததற்கும் இடையே, நூற்றுக்கு 30க்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தது. தாள் ஒன்றே, மாணவர் ஒருவரே, மாறியவர் திருத்துநர் மட்டுமே.

தமிழ்க் கட்டுரைக்கும் இது பொருந்தும். 'தமிழ்ப்பள்ளி' என்று எழுத வேண்டிய இடத்தில் 'தமிழ்பள்ளி' என்று ஒரு மாணவர் கட்டுரை முழுவதும் ஆறு முறை எழுதுகிறார் எனக் கொள்வோம். இதனை ஒரு பிழையாகக் கொள்வதா, ஆறு பிழைகளாகக் கொள்வதா? லகர, ளகர, ழகர வேறுபாட்டில் தடுமாறினாலும் கருத்துவளம் மிக்க ஒரு கட்டுரையையும், பிழையின்றி எழுதப்பட்டும் கருத்து வறண்ட மற்றொன்றையும் எவ்வாறு ஒப்பிடுவது? கட்டுரையை முழுமையாக நோக்கித் தரப்படுத்துவோர் ஒரு விடையும், கூறுகளாகப் பகுத்துப் புள்ளியிடுவோர் மற்றொரு விடையும் தருவர். பொதுத்தேர்வில் திருத்துநர்கள் ஒன்றுகூடி, மாதிரி விடைத்தாள்களைத் திருத்திப் பார்த்து, புள்ளி வழங்கும் நெறியை ஒருமைப்படுத்திக்கொண்ட பின்னரே பணியைத் தொடங்குகின்றனர். பள்ளித் தேர்விலோ பெரும்பாலும் பாட ஆசிரியர் ஒருவரே தனித்துத் திருத்துகிறார்.

மேலும், பாட ஆசிரியர் மாணவரை அறிந்தவர். தார்ன்டைக் 1920ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டியதுபோல, ஒருவரைப் பற்றிய பொதுவான நல்லெண்ணம் அவருடைய தனித்தனிப் பண்புகளை மதிப்பிடும்பொழுதும் ஊடுருவிவிடும். வகுப்பில் அழகுறப் பேசும் மாணவி தெளிவின்றி ஒரு வாக்கியம் எழுதினால், அவர் கூறவந்தது இதுவே என்று ஆசிரியர் தாமே நிரப்பிக்கொள்வார். அவர் கையெழுத்தும் ஆசிரியருக்குப் பழக்கமானது. பொதுத்தேர்வில் தேர்வு எண்ணை மட்டும் காணும் திருத்துநர், எழுதியதை மட்டுமே படிப்பார். இதன் மறுபக்கமும் உண்டு. மாணவர் மெத்தனமாக இருந்துவிடக்கூடாது என்று கருதி, முன்னோட்டத் தேர்வைக் கடுமையாகத் திருத்தும் ஆசிரியரும் உளர். ஆகவே, பள்ளிப் புள்ளி எப்பொழுதும் மிகைப்பட்டதே என்றும் கொள்ளுதல் கூடாது. அது எத்திசையில் சாய்ந்துள்ளது என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும்.

புள்ளியும் தரநிலையும்

முன்னோட்டத் தேர்வு புள்ளியை வழங்குகிறது, எஸ்.பி.எம். தேர்வு தரநிலையையே வழங்குகிறது. 2009ஆம் ஆண்டு முதல் இத்தரநிலைகள் ஏ+ தொடங்கி ஜி வரை 10 படிகளாக அமைந்துள்ளன. பொதுத்தேர்வில் மாணவர் பெற்ற மூலப்புள்ளி அறிவிக்கப்படுவதில்லை. எனவே, '82 புள்ளி பெற்றவருக்கு ஏ கிடைக்கவில்லை' என்னும் முறையீடு இருவேறு அளவுகோல்களைக் கலந்து கூறப்படுவதாகும். தரநிலைகளாகப் பகுக்கும்பொழுது சிறு வேறுபாடும் பெரிதாகத் தோற்றமளிக்கும். எல்லைக்கு ஒரு புள்ளி மேலே இருப்பவருக்கும் ஒரு புள்ளி கீழே இருப்பவருக்கும் திறனளவில் வேறுபாடில்லை. சான்றிதழிலோ அவர்கள் இருவேறு நிலையினர்.

அண்டை நாடாகிய சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு இதனை வேறொரு கோணத்தில் விளக்கும். 2020ஆம் ஆண்டு வரை அங்கு வழங்கிய முறையில், மாணவரின் பாடப்புள்ளி அவ்வாண்டுத் தேர்வெழுதிய பிற மாணவரின் புள்ளிகளோடு ஒப்பிட்டு மாற்றப்பட்டது. ஒருவர் தம் பள்ளித் தேர்வில் பெற்ற அதே மூலப்புள்ளியைத் தேசியத் தேர்விலும் பெற்றாலும், பிறர் எவ்வாறு செய்தனர் என்பதற்கேற்ப அவருடைய முடிவு மாறும். 2021ஆம் ஆண்டு முதல் 8 அடைவுநிலைகள் கொண்ட முறை நடைமுறைக்கு வந்தது. இதில் 90 புள்ளியும் அதற்கு மேலும் முதல்நிலை, 85 முதல் 89 வரை இரண்டாம்நிலை என எல்லைகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டுள்ளன. பிறரோடு ஒப்பிடும் முறை நீங்கியதால் ஒரு வேறுபாடு குறைந்தது. எல்லைக்கோட்டுச் சிக்கலோ எம்முறையிலும் எஞ்சியே நிற்கும்.

மாணவரும் தேர்வுச் சூழலும்

இதுகாறும் கூறியவை மாணவரைச் சாராத காரணங்கள். மாணவரிடத்தே நிகழும் மெய்யான மாற்றங்களும் உண்டு. முன்னோட்டத் தேர்வுக்கும் பொதுத்தேர்வுக்கும் இடைப்பட்ட காலம் கற்றலுக்குரிய காலமாகும். தேர்வு எழுதுதலே ஒருவகைக் கற்றல் என்பதை ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவரைவிட, படித்ததை நினைவிலிருந்து மீட்டு எழுதியவர் ஒரு வாரத்திற்குப் பின்னர் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். எனவே, முன்னோட்டத் தேர்வில் விடுபட்டவற்றைத் திருத்தி மீண்டும் எழுதிப் பார்க்கும் மாணவர் பொதுத்தேர்வில் உயர்வது இயல்பே. அவரைப் பொறுத்தவரை முன்னோட்டத் தேர்வு தன் பணியைச் செய்துவிட்டது; அதன் கணிப்புப் பொய்த்தமை அதன் வெற்றியே ஆகும்.

சூழல் வேறுபாடும் கருதத்தக்கது. முன்னோட்டத் தேர்வு பழகிய ஆசிரியரின் மேற்பார்வையில் நடைபெறுகிறது. பொதுத்தேர்வோ பல வாரங்களுக்கு விரிகிறது; மேற்பார்வையாளர் புதியவர்; நேரக் கட்டுப்பாடு கடுமையானது. யெர்க்ஸ், டாட்சன் ஆகியோர் 1908ஆம் ஆண்டில் விலங்குகளைக் கொண்டு செய்த ஆய்விலிருந்து வளர்ந்த கருத்தொன்று, ஓரளவு பரபரப்புச் செயல்திறனைக் கூட்டும் என்றும், அது மிகுந்துவிடின் கடினமான பணிகளில் செயல்திறன் குன்றும் என்றும் கூறும். சிறு வினாக்களைவிடக் கட்டுரையே இத்தகைய கடினப் பணி என்பதால், பதற்றத்தின் தாக்கம் கட்டுரைப் பகுதியில் மிகுதியாக வெளிப்படும் என்று நாம் கருத இடமுண்டு.

மலேசியாவில் இக்காரணம் அண்மையில் புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2020ஆம் ஆண்டில் நடத்தப்படாமல் 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2020ஆம் ஆண்டில் ஆறாம் ஆண்டு பயின்ற மாணவர்கள் இவ்விரு தேர்வுகளையும் எழுதாமலேயே, 2025ஆம் ஆண்டளவிலோ, புகுமுக வகுப்புக்குச் சென்றவராயின் அதற்கடுத்த ஆண்டிலோ ஐந்தாம் படிவத்தை அடைந்தனர். அவர்கள் எதிர்கொள்ளும் முதல் பொதுத்தேர்வு எஸ்.பி.எம். தேர்வே. முந்தைய தலைமுறையினர் 12 வயதிலேயே பெற்ற பொதுத்தேர்வுப் பட்டறிவு இவர்களுக்கு இல்லை. அச்சுமை நீங்கியமை நன்றே. ஆயினும், முன்னோட்டத் தேர்வே இவர்களுக்கு ஒரே ஒத்திகை என்பதால், அது பொதுத்தேர்வுச் சூழலை ஒத்து நடத்தப்பட வேண்டிய தேவை கூடியுள்ளது.

ஆசிரியர் கணிப்பு: இங்கிலாந்தின் பட்டறிவு

பள்ளியின் கணிப்பைக் கொண்டு மாணவரின் எதிர்காலத்தை முடிவுசெய்தால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து ஒரு விரிவான சான்றாகத் திகழ்கிறது. மலேசியாவின் பள்ளித் தேர்வு முறை கேம்பிரிட்ஜ் பள்ளிச் சான்றிதழ் மரபில் தோன்றியது என்பதால், இவ்வொப்பீடு நமக்குத் தொடர்பற்றதன்று. பிரித்தானியாவில் மாணவர்கள் ஏ நிலைத் தேர்வு முடிவு வருமுன்னரே, ஆசிரியர் கணித்த தரநிலைகளைக் கொண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கின்றனர். ஜில் வைனஸ் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, மூன்று சிறந்த பாடங்களை ஒருசேர நோக்கும்பொழுது, கணித்தவாறே முடிவு பெற்றவர் 16 விழுக்காட்டினர் மட்டுமே எனக் காட்டியது. ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் திறத்தில் கணிப்பு மிகையாக இருந்தது. அதே வேளையில், திறன் மிக்க மாணவருள் வசதி குறைந்த குடும்பத்தினர், வசதி மிக்கவரைவிடக் குறைத்துக் கணிக்கப்படும் வாய்ப்பு மிகுதி என்பதும் தெரியவந்தது. கணிப்புப் பிழையின் சுமை அனைவர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் தேர்வுகள் நீக்கப்பட்டபொழுது, ஆசிரியர் வழங்கிய தரநிலைகள் புள்ளியியல் வாய்பாடு ஒன்றினால் திருத்தப்பட்டன. இங்கிலாந்தில் ஏறத்தாழ 39 விழுக்காட்டுத் தரநிலைகள் ஆசிரியர் வழங்கியதைவிடக் குறைக்கப்பட்டன. எழுந்த எதிர்ப்பினால் 2020 ஆகஸ்டு 17ஆம் நாள் வாய்பாடு கைவிடப்பட்டு, ஆசிரியர் வழங்கிய தரநிலைகளுக்கு இடமளிக்கப்பட்டது. அதன் விளைவாக, 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25 விழுக்காடாக இருந்த உயர்நிலைத் தேர்ச்சிகள் அவ்வாண்டில் ஏறத்தாழ 38 விழுக்காடாயின.

இதனைக் கொண்டு ஆசிரியர் நேர்மையற்றவர் என்று கூறுதல் தகாது. ஆசிரியர் ஒவ்வொரு மாணவரையும் அவர்தம் நல்ல நாளில் கண்டவாறு மதிப்பிடுகிறார். பத்து மாணவரும் நன்கு எழுதக்கூடியவர் என்பது உண்மையே. தேர்வு நாளன்று அவர்களுள் இருவரோ மூவரோ தடுமாறுவர். அவர் யார் என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே ஆசிரியர் பத்துப் பேருக்கும் உயர்நிலை வழங்குகிறார். வாய்பாடோ யாரோ சிலர் தடுமாறுவர் என்பதை அறியும்; அச்சிலர் யாவர் என்பதை அதுவும் அறியாது. குழுவைப் பற்றிய கணிப்பு சரியாக அமைந்தாலும் தனியொருவரைப் பற்றிய கணிப்பு சரியாக அமைந்துவிடாது என்பதே இந்நிகழ்ச்சி தரும் படிப்பினையாகும்.

தமிழாசிரியர் செய்யத்தக்கவை

மேற்கூறிய காரணங்கள் இருவகைப்படும். தற்செயலான ஏற்ற இறக்கம் ஒருவகை. ஒரே திசையில் தொடர்ந்து சாயும் வேறுபாடு மற்றொரு வகை. முன்னதைப் பன்முறை அளப்பதால் குறைக்கலாம். நம் எடுத்துக்காட்டில், ஒத்த தன்மையுடைய இரு தேர்வுகளின் சராசரியைக் கொண்டால் திட்டப் பிழை 4.8இலிருந்து 3.4ஆகவும், நான்கு தேர்வுகளின் சராசரியைக் கொண்டால் 2.4ஆகவும் குறையும். ஆகவே, நான்காம் படிவம் தொடங்கி வரும் தேர்வுகளின் தொடர்ப்போக்கு, இறுதியில் எழுதும் ஒரே தேர்வைவிட நம்பத்தக்கது. பின்னதை, அதாவது ஒருபக்கச் சாய்வை, எத்தனை முறை அளந்தாலும் நீக்க இயலாது. அதற்கு அளக்கும் முறையையே மாற்ற வேண்டும்.

அம்மாற்றங்கள் பெரும் பொருட்செலவு வேண்டுபவையல்ல. அருகிலுள்ள இரு பள்ளிகளின் தமிழாசிரியர்கள் பெயர் மறைத்த விடைத்தாள்களைத் தமக்குள் மாற்றித் திருத்தலாம். திருத்தத் தொடங்குமுன் நான்கைந்து தாள்களை ஒன்றாகத் திருத்திப் பார்த்து, மீண்டும் மீண்டும் வரும் சந்திப்பிழையை எவ்வாறு கணக்கிடுவது என்பது போன்ற ஐயங்களில் உடன்பாடு காணலாம். எப்பயிற்சி நூலிலும் இல்லாத புதிய பனுவலையும் புதிய கட்டுரைத் தலைப்பையும் கொண்டு ஒரு தேர்வையேனும் நடத்தலாம். ஒவ்வோர் ஆண்டும் மாணவர் பெற்ற முன்னோட்டப் புள்ளியையும் பொதுத்தேர்வுத் தரநிலையையும் அருகருகே எழுதிச் சேர்த்துவரின், நான்கைந்து ஆண்டுகளில் அப்பள்ளியின் திருத்தம் எத்திசையில் சாய்ந்துள்ளது என்பது புலப்படும்.

இவற்றினும் முதன்மையானது புள்ளியை எடுத்துரைக்கும் முறையாகும். 'உங்கள் மகனுக்குத் தமிழில் பி வரும்' என்று பெற்றோரிடம் கூறுவதற்கு மாற்றாக, 'இப்பொழுதுள்ள நிலையில் பிக்கும் ஏவுக்கும் இடையில் எதுவும் வரலாம். கருத்துணர்தலில் நிலையாக உள்ளார், கட்டுரையில் தளர்ந்துள்ளார்' என்று கூறுதல் உண்மைக்கு நெருங்கியதும் பயன் மிக்கதும் ஆகும். மொத்தப் புள்ளி தேர்ச்சியின் அளவை மட்டுமே கூறும். கூறுவாரியான புள்ளியே அடுத்துச் செய்ய வேண்டியதைக் கூறும்.

தமிழ்மொழிப் பாடத்தை விட்டுவிட எண்ணும் மாணவர்பால் இவ்வணுகுமுறை இன்றியமையாதது. நான்காம் படிவத் தேர்வொன்றில் 58 புள்ளி பெற்ற மாணவர், அப்புள்ளியைக் கொண்டே தமக்குத் தமிழ் வராது என்று முடிவுசெய்கிறார். அதே மாணவர் அதே திறனோடு மற்றொரு தாளை எழுதியிருப்பின் 65 பெற்றிருக்கக்கூடும் என்பதை அவர் அறியார். அதனை எடுத்துக்கூறும் பொறுப்பு ஆசிரியருடையது. முடிவை மாணவரே எடுக்கட்டும். ஆனால், அம்முடிவு தற்செயலின் மேல் எழுந்ததாக இருத்தல் கூடாது. இதேபோன்று, முன்னோட்டத் தேர்வு முடிவைக் கொண்டு மாணவரை முன்கூட்டிச் சேர்த்துக்கொள்ளும் தனியார் கல்லூரிகளை நாடும் குடும்பங்களுக்கும், அம்முடிவு மாறக்கூடியது என்பதை உரிய காலத்தில் உணர்த்துதல் வேண்டும்.

முடிவுரை

முன்னோட்டத் தேர்வுப் புள்ளியும் பொதுத்தேர்வு முடிவும் வேறுபடுவதற்கு அளவீட்டின் இயல்பு, வினாத்தாளின் தேர்வு, திருத்துநரின் நோக்கு, தரநிலைகளின் எல்லை, மாணவரின் வளர்ச்சி, தேர்வுச் சூழல் ஆகியவை காரணமாகின்றன என்பதைக் கண்டோம். இவற்றுள் மாணவரின் உழைப்போடு தொடர்புடையவை சிலவே. எனவே, வேறுபாட்டைக் கண்டவுடன் மாணவரையோ ஆசிரியரையோ குறைகூறுவது பொருந்தாது. வேறுபாடே இல்லாமற் செய்துவிடலாம் என்று கருதுவதும் பொருந்தாது. முன்னோட்டத் தேர்வின் பயன் வருவதை உரைப்பதில் இல்லை. கற்றலில் உள்ள குறையைக் காலத்தே காட்டுவதில் உள்ளது. அதனை அவ்வாறே கையாளும் ஆசிரியரிடம் பயிலும் மாணவர், ஓர் எண்ணைக் கண்டு அஞ்சித் தம் தாய்மொழியைக் கைவிட வேண்டிய நிலை ஏற்படாது.